நடுவர் நாற்காலி

குன்றக்குடி மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் அங்கே தனியாக இருக்கிறார். தைப்பூசத்துக்கு வந்திருந்த மகன்கள் இருவருக்கும் கூடத்திலேயே சண்டை மூண்டது.

"வீட்டை வித்துட்டு அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் பெங்களூரில் இருக்கும் மூத்தவன்.

"அப்பா கட்டுன வீட்டை விக்க உனக்கு எப்படிண்ணே மனசு வருது?" என்றான் இளையவன்.

பேச்சு வளர்ந்து, என்றோ முடிந்துபோன நகைக் கணக்கு வரை போய்விட்டது.

ஆசிரியை சின்ன வயதிலிருந்தே தவத்திரு குன்றக்குடி அடிகளாரின் பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்தவர். 1952-இல் குன்றக்குடி ஆதீனத்தின் 45-ஆவது தலைவரான அடிகளார், பட்டிமன்றத்தைப் பாமர மக்களிடம் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர். 'பட்டிமண்டபம்' என்ற சொல் மணிமேகலையிலேயே உண்டு. அங்கே சமயவாதிகள் வாதிட்டார்கள்; அடிகளார் நடுவராக அமர்ந்த மேடைகளில் இலக்கியத்தோடு சமுதாயமும் விவாதப் பொருளானது. கடவுளை மறுத்த பெரியாரோடு கருத்தில் மோதிக்கொண்டே நட்பையும் காத்தவர் அவர்.

அன்றாட வாழ்க்கையின் வாதங்கள் கணக்குப் பாடம் போல நடப்பதில்லை, நீதிமன்ற வழக்கைப் போலத்தான் நடக்கின்றன என்று ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1958-இல் எழுதினார். ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதற்கு ஆதாரம் என்ன, அந்த ஆதாரம் எப்படி அந்த முடிவைத் தாங்குகிறது, எந்த நிலையில் அது செல்லாது என்று கேட்க வேண்டும் என்றார். பட்டிமன்றம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தார்.

"பெரியவனே, தம்பி கட்சியை நீ பேசு. சின்னவனே, அண்ணன் கட்சியை நீ பேசு."

இருவரும் தடுமாறினார்கள். பிறகு இளையவன் மெல்லச் சொன்னான்: "ராத்திரி அம்மா விழுந்துட்டா தூக்க ஆள் இல்லைன்னு அண்ணனுக்குப் பயம்." மூத்தவன் தலை குனிந்து சொன்னான்: "இந்த வீடும் போயிட்டா, ஊருக்கு வர ஒரு காரணமும் இருக்காதுன்னு தம்பிக்குப் பயம்."

நகைக் கணக்கை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா என் கட்சியை யாருமே கேட்கலையே?" என்றார் அம்மா. அவருக்கு ஊரை விட மனமில்லை; இரவில் தனியாக இருக்கவும் பயம்தான். அதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்.

நடைமுறை அறிவின் முடிவு செயல்தான் என்றார் அரிஸ்டாட்டில். அடிகளாரும் மேடையோடு நின்றுவிடவில்லை. அவர் முன்னின்று நடத்திய குன்றக்குடி கிராமத் திட்டம் நாட்டின் கவனத்தையே ஈர்த்தது.

அந்த வீட்டிலும் அன்றே செயல் தொடங்கியது. முன்பக்க அறையை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது, குளியலறையில் கைப்பிடி வைப்பது, மாதம் ஒருவர் முறைவைத்து வந்துபோவது என்று முடிவானது. வீட்டை விற்பதா வேண்டாமா என்ற வழக்கு மட்டும் ஒத்திவைக்கப்பட்டது.

தீர்ப்பு சொன்ன கையோடு நடுவர், காபி போட அடுப்படிக்குப் போனார்.