யாகப்பரின் தாய்

சென்ற ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், புனித இராயப்பர், சின்னப்பர் திருநாளன்று நான் ஆற்றிய மறையுரையைப் பங்கு மக்கள் பலர் பாராட்டினர். அன்றைய வாசகம் அப்போஸ்தலர் பணி நூலின் பன்னிரண்டாம் அதிகாரம். இரு விலங்குகளால் பிணிக்கப்பட்டு, இரு காவலர் நடுவே இராயப்பர் உறங்குகிறார். காவலுக்குப் பதினாறு வீரர்கள். சம்மனசு அவரைத் தட்டி எழுப்ப, விலங்குகள் கழன்று விழுகின்றன. இரும்புக் கதவு தானே திறக்கிறது. செபிக்கும் சபைக்காக இறைவன் திறவாத கதவும் உண்டோ என்று உரத்த குரலில் வினவினேன். ஏறக்குறைய இதே மறையுரையைத்தான் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பூசை முடிந்ததும் ஒரு தாய் வந்து நின்றார். நாமக்கல் பக்கத்து ஊர்களில் லாரித் தொழிலோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. அவருடைய ஒரே மகனும் லாரி ஓட்டுநன். வடமாநிலமொன்றில் நள்ளிரவில் நேர்ந்த விபத்தில் ஒருவர் இறந்துவிட, அங்கேயே சிறையில் இருந்தான். ஜாமீன் ஆணை கிடைத்திருந்தது. ஆனால் பிணை நிற்க உள்ளூரில் சொத்துள்ள ஒருவர் வேண்டும். மொழி தெரியாத ஊரில் அவனுக்காக யார் நிற்பார்?

“சாமி, என் மகனுக்குச் சம்மனசு எப்பொழுது வருவார்?” என்றார்.

ஏளனமாகக் கேட்கவில்லை. நான் நாள் குறித்துச் சொல்வேன் என்று நம்பியே கேட்டார். செபிப்போம் அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று காலையுணவு எனக்கு இறங்கவில்லை.

மாலையில் அதே அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். நான் எப்பொழுதும் விரைந்து கடந்துபோகும் இரண்டாம் வசனத்தில் கண் நின்றது. ஏரோது அரசன் அருளப்பரின் சகோதரரான யாகப்பரை வாளால் கொன்றான். அதே அரசன், அதே நகர், அதே சபை. இராயப்பருக்காகச் செபித்தவர்கள் யாகப்பருக்காகச் செபியாதிருந்தார்களா? அந்த இராயப்பரும் பின்னர் உரோமையில் நீரோவின் காலத்தில் கொல்லப்பட்டார். அங்கே கதவு திறக்கவில்லை.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். 1749-இல் சிறைப்பட்டார். புலியூர்க்குறிச்சியில் அவர் தாகத்தால் வருந்திப் பாறையை முட்டியால் இடிக்கத் தண்ணீர் சுரந்தது என்பது மரபு. அந்தத் தண்ணீரைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். அடியும் அவமானமுமாக, ஊர் ஊராக இழுக்கப்பட்டு அவர் கழித்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசியது குறைவு. பாறை கசிந்தது, விலங்கு கழலவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தது 2022 மே 15 அன்று. அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாள் கணவர் உயிரோடு திரும்புவார் என்று எத்தனை இரவு செபித்திருப்பார்! சிறைக்குள் இருப்பவர்களின் வரலாற்றை எழுதுகிறோம். வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. 1623-இல் நம் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த தத்துவ போதகரும், அறுபது வயது கடந்த பின், 1640-இல் மதுரையில் சிறையிலிருந்தார்.

அந்த ஓட்டுநனை வேதசாட்சிகளோடு ஒப்பிட நான் துணியவில்லை. அவன் விசுவாசத்திற்காகச் சிறைப்பட்டவன் அல்லன். எனினும் காத்திருக்கும் தாயின் கண்ணீர் வழக்கின் தன்மை பார்த்து வடிவதில்லை.

மறுவாரம் அவர் வீட்டுக்குச் சென்று, நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டவர், “யாகப்பருக்குத் தாய் இருந்தாளா, சாமி?” என்றார். இருந்தாள். தன் மக்கள் இருவருக்கும் ஆண்டவரின் வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்டவள். பின்னர்ச் சிலுவையைத் தொலைவிலிருந்து கண்ட பெண்களுள் ஒருத்தி. மகன் வெட்டுண்ட நாளில் அவள் என்ன செய்தாள் என்று வேதாகமம் சொல்லவில்லை. “செபித்திருப்பாள்,” என்று அந்தத் தாயே சொன்னார். குருமடத்தில் நான் கற்ற விளக்கம் எதையும் அதன்மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

203-இல் கார்த்தேஜ் நகரில் பெர்பேத்துவா அம்மாள் சிறைப்பட்டபோது, தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்னும் இரு தியாக்கோன்மார் காவலருக்குப் பணம் கொடுத்து, கைதிகள் சில மணி நேரமாவது காற்றோட்டமான இடத்தில் இருக்க ஏற்பாடு செய்தனர். சம்மனசுக்காகக் காத்திருந்த சபை பணப்பையையும் திறந்தது! (காவலருக்குக் கையூட்டுக் கொடுப்பதை நான் ஆதரிப்பதாக எவரும் எண்ண வேண்டாம்.) அது நினைவுக்கு வந்தபின்தான், அச்சிறை இருக்கும் ஊரின் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதலாமே என்னும் எளிய எண்ணம் எனக்கு உதித்தது. முதல் நாளே உதித்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் பதில் வந்தது. அப்பங்கில் சிறிது நிலமுள்ள ஒருவர் பிணை நிற்க இசைந்தார். அக்டோபரில் மகன் வீடு திரும்பினான். வழக்கு இன்னும் முடியவில்லை.

நன்றிப் பூசைக்குத்தான் வந்திருக்கிறார் என்றெண்ணிப் பூசைக் கருத்து ஏட்டைத் திறந்தேன். இரண்டு பூசை வேண்டும் என்றார் அந்தத் தாய். ஒன்று நன்றிக்கு, மற்றொன்று விபத்தில் இறந்தவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்கு. பெயர் கேட்டேன்.

“தெரியாது சாமி. மகனுக்கும் தெரியாது. அவருக்கும் ஒரு தாய் இருப்பாளே.”

பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, தேதியை மட்டும் குறித்துக்கொண்டேன்.