மூன்று என்று மாற்றி எழுதினேன்

அவர் யாரையும் சுடவில்லை. சுட்டார் என்று எழுதியது நான்.

1995 ஆகஸ்ட். இரண்டாம் உலகப் போர் முடிந்து 50 ஆண்டு. நான் தூத்துக்குடியில் ஒரு நாளிதழின் நிருபர். வயது 26. போருக்குப் போய்வந்த உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்து அரைப்பக்கம் எழுதச் சொன்னார்கள். திரேஸ்புரம் பக்கம் ஒருவர் இருந்தார். ஊரில் பட்டாளத்தார் என்பார்கள். கொத்தனார். 73 வயதிலும் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதி நான் செய்த கேடு போதும்.

இரண்டு மணி நேரம் பேசினார். பயனியர் கம்பெனியில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போனவர். வேலை, ரோடு போடுவது. தமுவிலிருந்து கலேவா போகும் பாதை. மழை பிடித்தால் லாரி அச்சு வரை சேற்றில் இறங்கிவிடும். கல் கொண்டுவந்து கொட்ட வழியில்லை. மண்ணைச் சமப்படுத்தி, தார் ஏற்றிய சணல் துணியைச் சுருள் சுருளாக அதன்மேல் விரித்திருக்கிறார்கள். அதை எனக்குக் காட்ட வேண்டும் என்று தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்தார். என் கைக்குட்டையைக் கேட்டு வாங்கினார். துண்டின் ஓரத்தில் ஏறி நிற்கும்படி அதை வைத்து, விரலால் நீவிவிட்டார்.

“ஓடு மேயுத மாதிரிதான்யா. இந்த ஏத்தம் குறைஞ்சா தண்ணி உள்ள போயிரும். தண்ணி போச்சின்னா ரோடு போச்சி.”

துப்பாக்கி கொடுத்தார்களா என்று கேட்டேன்.

“கொடுத்தாவ. சுடுத வேலை நமக்கு வரல. மம்பட்டிதான்.”

1946-இல் அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கிடையாது. முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் சிப்பி சுமந்திருக்கிறார். 1961-க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. 1964 நவம்பர் 5-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரி புதிய துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கொஞ்ச நாளில் இவர் அங்கே கல் வேலைக்குப் போய்விட்டார். வடக்கு அலைதடுப்புச் சுவர் நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தெற்கு, நாலுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே சிறு கல், வெளியே கடல் புரட்ட முடியாத பெருங்கல். 1974 ஜூலையில் அது பெரிய துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டபோது இவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. “பர்மாவுல போட்ட ரோடு அடுத்த மழைக்கே இருந்திருக்காது. இந்தக் கல்லு கெடக்கும்” என்றார்.

இதில் ஒரு வரியைக்கூட நான் எழுதவில்லை.

ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். என் அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். அதை ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை. மம்பட்டி பிடித்த கதையை எழுதினால் நானும் அந்த வரிசையில் நிற்பதுபோல் இருந்தது. கூலி வேலையில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவர் வாழ்க்கையை மட்டுமல்ல, என் அப்பாவின் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் குப்பையில் போட்டேன்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மேஜையில் உட்கார்ந்து கொஹிமா என்று எழுதினேன். அவர் கொஹிமாவில் இருந்ததே இல்லை. எனக்குத் தெரிந்த போர்க்களத்தின் பெயர் அது. இருட்டில் ஜப்பானியர்கள் நெருங்கி வந்ததாக எழுதினேன். இவர் ஒருவரைச் சுட்டதாக எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். ஒன்று போதாது என்று பட்டது. ஒன்றை அடித்துவிட்டு மூன்று என்று மாற்றினேன். கை நடுங்கவில்லை. அந்த வரி எனக்குப் பிடித்தும் இருந்தது.

கட்டுரைக்குப் பாராட்டு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

பட்டாளத்தாரின் தெருவில் அவருக்கு ஒரு சிநேகிதர். ராணுவ லாரி ஓட்டியவர். 1944-இல் கொஹிமாவில் இருந்தவர். உடன்பிறந்த தம்பியை அங்கே பறிகொடுத்தவர். முப்பது வருஷமாகக் காலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் இருவரும். லாரிக்காரர் பேப்பரை எடுத்துக்கொண்டு இவர் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறார். நான் சொல்லவே இல்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். நீ சொல்லாமலா எழுதுவான் என்றாராம். அதோடு பேச்சு நின்றது. தம்பி செத்த மண்ணில் இன்னொருவன் பொய்க்குப் பேர் வாங்கினால் எவருக்குத்தான் பொறுக்கும்? அவர்மேல் குற்றமில்லை.

பட்டாளத்தார் ஆபீஸுக்கு வந்தார். பேப்பர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் இருந்தது. சத்தம் போடவில்லை. “என்னய்யா இப்பிடி எழுதிட்டீய. ஒரு வரி திருத்திப் போட்டிருங்க, போதும்.” போட்டுவிடலாம் தாத்தா என்றேன். போடவில்லை. திருத்தம் போட வேண்டுமானால் ஆசிரியரிடம் நான் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, கிடைத்த பாராட்டு போய்விடும் என்ற பயம்தான் பெரிது.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டேன். நான் வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். வேலைக்குப் போகும் வழி போலிருக்கிறது. பையில் கரண்டியின் மரப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. கீழே பதினாலு படிதான். இறங்கவில்லை. அன்றைக்கு அவருடைய கூலியும் போயிருக்கும்.

பிறகு அவர் வரவில்லை. அந்த வருஷ அடைமழைக்குள் லாரிக்காரர் பேசாமலே இறந்துபோனார். பட்டாளத்தார் துஷ்டிக்குப் போய்த் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார் என்று கேள்விப்பட்டேன். டீக்கடைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாராம்.

அவர் 2012 வரை இருந்தார். பதினேழு வருஷம். துறைமுகச் செய்திக்காக அந்தச் சுவரோரம் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவர் வீட்டுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

சாவுக்குப் போனேன். நாற்காலியில் அவர் படம். பக்கத்தில் என் கட்டுரை, லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “தாத்தா இதை வீட்டுல மாட்ட விட்டதே இல்ல சார். அவ்வளவு அடக்கம். இனிமே மாட்டிருவோம்” என்றான். வந்தவர்களிடம், இதை எழுதினது இவுகதான் என்று காட்டினான்.

நான் தலையை ஆட்டினேன். அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.