நான் போன இரண்டு கூட்டங்கள்

என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் உண்டு. இதை வெளியே சொல்ல எனக்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. அதுவரை அவர் ஆபீசுக்குப் போன் செய்து, "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று பொய் சொன்னவள் நான்தான்.

யாரோ சொல்லி, பக்கத்துத் தெருவில் சில பெண்கள் கூடும் கூட்டத்துக்குப் போனேன். வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு யோசனை. "சாப்பாட்டிலே தெரியாம மருந்தைக் கலந்து குடுத்துடு" என்றார் ஒருவர். "நீ அனுசரணையா இருந்தா அவர் ஏன் குடிக்கிறார்?" என்றார் இன்னொருவர். மறுவாரம் காய்கறிக்காரம்மா வரை என் கதை தெரிந்திருந்தது! அதோடு நின்றுவிட்டேன்.

எங்கள் டாக்டரிடம் கேட்டேன். பதறிப் போனார். "அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்தும்மா" என்றவர், ஆல்-அனான் கூட்டத்துக்குப் போகச் சொன்னார். குடியை விட நினைப்பவர்களுக்காக அமெரிக்காவில் 1935-ல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியது. அவர்கள் குடும்பத்தாருக்காக 1951-ல் வந்தது இது. கட்டணம் இல்லை.

அங்கே ஒருவர் பேசினால் மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை. யோசனை சொல்வதில்லை, அவரவர் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். கேட்டது அந்த அறையை விட்டு வெளியே போகாது. முதல் நாள் நான் அழுதேன். யாரும் "அழாதே" என்று சொல்லவில்லை. ஒரு வயதான அம்மா, "பிள்ளை குடியை நான் உண்டாக்கலை, என்னாலே நிறுத்தவும் முடியாது. அவனுக்காகப் பொய் சொல்றதை மட்டும் நிறுத்தினேன்" என்றார். அது எனக்கென்றே சொன்னது போலிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, "போன் பண்ணிடு" என்றார் இவர். கை நடுங்கியது. "நீங்களே பேசிடுங்க" என்றேன். அன்று வீட்டில் பெரிய சண்டை. மூன்று மாதம் கழித்து அவரே, "எந்த டாக்டர்?" என்று கேட்டார். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாமாம்; அதனால் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்தினார்கள்.

இப்போது எட்டு மாதம். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் தவறினார், மறுபடி தொடங்கினார். நாளை எப்படியோ, தெரியாது.

சகோதரிகளே, அடி உதை இருக்கும் வீட்டில் கூட்டம் மட்டும் போதாது. 181-க்குப் போன் செய்யுங்கள். மற்றபடி, ஒரு கூட்டம் சரிப்படாவிட்டால் இன்னொன்றைத் தேடுங்கள். நான் புதன்கிழமை தவறாமல் போகிறேன். அவருக்காக அல்ல, எனக்காக.