சம்பந்தப்பட்ட அதிகாரி யார்?

“சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பொதுமக்கள் எதிர்பார்க்கின்றனர்.” வட்டாரச் செய்தி படிக்கிறவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். பகுதி நேர நிருபர்களுக்குப் பயிற்சி கொடுக்க முதன்முதலில் அம்பத்தூருக்குப் போனபோது என் பாடத் திட்டத்தில் ஐந்து தலைப்புகள் இருந்தன: முதல் பத்தி, பேட்டி, புகைப்படம், தகவல் உரிமைச் சட்டம், பத்திரிகை அறம். மூன்று மணி நேரம் பேசினேன். எல்லாரும் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார்கள். மறுநாள் அனுப்பிய செய்திகளில் அந்தக் கடைசி வரி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுகிறேன். நான் என்ன பேசுவது என்று யோசிப்பதில்லை. வகுப்பு முடிந்து போகிறவரின் செய்தியில் எந்த ஒரு வரி மாற வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். அந்த வரிக்கு உதவாதது எதுவானாலும் அடுத்த வாரத்துக்கு.

இந்த வட்டாரத்தில் ‘சம்பந்தப்பட்ட அதிகாரி’யைக் கண்டுபிடிப்பதே தனிப் பாடம். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து 7ஆவது மண்டலமானது; 2018இல் திருவள்ளூரை விட்டுச் சென்னை மாவட்டத்துக்கு வந்தது; போலீஸ் மட்டும் 2022 முதல் ஆவடி கமிஷனரேட். அம்பத்தூரிலிருந்து ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் ஆவடி. 2019இல் அதுவே மாநகராட்சியாகிவிட்டது, மாவட்டம் இன்றும் திருவள்ளூர்தான். குப்பை ஒன்றுதான், மனு கொடுக்கும் வாசல் வேறு.

பயிற்சிக்குக் கொரட்டூர் ஏரியை எடுத்தோம். ஏரியில் கழிவுநீர் கலக்கிறது. யாரைக் கேட்பது? பலகையில் நான்கு கட்டம் போட்டேன். ஏரி நீர்வளத் துறைக்கு. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துக்கு. மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. நான் பேசியது பத்தே நிமிடம். மீதி நேரம் அவர்கள் தெருவில். எந்த வாய்க்கால் எங்கே கலக்கிறது என்று நடந்து பார்த்தால்தான் எந்தக் கட்டத்துக்குப் போன் போடுவது என்றே தெரியும்.

ஒரு தம்பி தன் தெருச் சாக்கடையைப் பற்றி மூன்று இடத்தில் கேட்டு, மூன்றிலும் “நாங்க இல்லை சார்” வாங்கிவிட்டு, முகம் வாடித் திரும்பினார். “அந்த மூன்று பதிலும் செய்திதான் தம்பி, எழுதுங்க” என்றேன். நான்காவது போனில் ஒரு பொறியாளர் பிடிபட்டார். தம்பி எழுதிய செய்தியின் கடைசி வரியில் பொதுமக்களின் எதிர்பார்ப்பு இல்லை. ஒரு பதவி, ஓர் அலுவலகம், பத்து நாளில் அடைப்பை எடுப்பதாக ஒரு வாக்கு இருந்தது.

பதினோராம் நாள் அவர் அங்கே திரும்பப் போக வேண்டுமே. அன்றிரவே அடுத்த பாடத்தை எழுத உட்கார்ந்தேன்.