லேடாங் மலை: உச்சியைவிட வழி இனிது

ஜாசின், ஆசகான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் விடியலில் கண்டு பழகிய மலை, லேடாங். மலாக்கா எல்லையை ஒட்டி, ஜொகூர் மண்ணில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. நாள்தோறும் பார்த்தவர் பலர், ஏறியவர் சிலரே.

ஏறுகிறவர்களும் உச்சி ஒன்றையே எண்ணி விரைகிறார்கள். அங்கே மூடுபனி கவிந்துவிட்டால் கடலும் தெரியாது, ஊரும் தெரியாது. வழியை ரசித்து வந்தவருக்கோ அந்த ஏமாற்றமே இல்லை.

1854-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கில இயற்கை அறிஞர் மலாக்காவிலிருந்து வந்து இம்மலையில் ஏறினார். பாடாங் பத்து என்ற பாறைவெளியில் தண்ணீர் கிடைக்கும் என்றார்கள், தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் குடுவைச் செடிகளில் தேங்கிய நீரைக் குடித்தார்கள். மலாய்க்காரர் ‘பெரியோக் கெரா’, குரங்குச் சட்டி, என்பார்களே, அதுதான்! பூச்சிகள் கிடந்த வெதுவெதுப்பான நீர். ஆனாலும் நன்றாகவே இருந்ததாம். 1869-இல் வெளிவந்த தம் பயண நூலில், வழியில் கண்ட பெரணிகளோடு இதையும் மறவாமல் எழுதினார்.

அன்பர்களே, ஆண்டிறுதி மழைக்கு முன்பே குடும்பத்தோடு புறப்படுங்கள். அனுமதியும் வழிகாட்டியும் பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அடிவாரத்து ஆசகான் அருவியே போதும். ஏறுவோர், பாதி வழியில் மேகம் கறுத்தால் தயங்காமல் இறங்கிவிடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். நாம் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.