134 அடி தெர்மாமீட்டர் நிழலில்...

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகாஸ் போகிறவர்கள் எல்லாரும் சீட்டாடத்தான் போகிறார்கள் என்று நினைத்தால், ஸாரி! 2016 ஜூலையில் நான் வேலையில் சேரப் போனேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபீஸ். ஞாயிறு மத்தியானம் நான் நின்றதோ, பாதி வழி தாண்டி பேக்கர் என்கிற பாலைவன ஊரில், ஒரு பிக்கப்பை முறைத்துக்கொண்டு.

பிக்கப் 1988 மாடல். என்னைவிட இரண்டு வயசு சின்னது. க்ளட்ச் கிடையாது, தானாக மாறும் மூன்று கியர். பின்னால் கட்டில், மெத்தை, கிரைண்டர், ஒரு மூட்டை அரிசி. பக்கத்து சீட்டில் மாயவரத்து நண்பன். வண்டிக்கு ஒரு வியாதி. கியர் மாறும்போதெல்லாம் ‘டங்’ என்று யாரோ பின்னாலிருந்து உதைப்பார்கள். ஒவ்வொரு உதைக்கும் கிரைண்டர் கொஞ்சம் இடம் மாறும். கிளம்புமுன் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும், 2,000 டாலர்” என்றார்கள். வண்டியையே 1,400-க்குத்தான் வாங்கியிருந்தேன்!

பேக்கரில் பார்க்க என்ன இருக்கிறது? 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர். பக்கத்து டெத் வாலியில் 1913-ல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் ஞாபகார்த்தமாக 1991-ல் கட்டியது. வெயிலுக்குக் கோயில் கட்டிய ஊர்! அன்றைக்கு 112 காட்டியது. நம்ம கணக்கில் 44. ஊருக்குச் சில மைல் முன்னால் ‘ஸைஸிக்ஸ்’ என்று ஒரு பெயர்ப்பலகை. ஆங்கிலத்தில் கடைசி வார்த்தையாக இருக்கட்டும் என்று 1944-ல் ஒருத்தர் வைத்த பெயராம்.

ஆனால், பேக்கரைத் தாண்டினால்தான் சோதனை. சுமார் 900 அடி உயரத்திலிருந்து 4,000 அடிக்கு விடாமல் ஏற்றம். ‘எஞ்சின் கொதிக்கும், ஏ.ஸி.யை அணையுங்கள்’ என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அரிசி மூட்டையோடு நடுவில் நின்றால்? இழுத்து வர ஆகும் செலவுக்கு முதல் மாச சம்பளம் போய்விடும். அந்த சம்பளத்துக்கும் வேலையில் சேர்ந்தாகணுமே!

“திரும்பிடலாம் மச்சான்” என்றான் மாயவரம்.

ஒரு ஷெட்டில் வெள்ளைத் தாடிப் பெரியவர். “சன்” என்று கூப்பிட்டார். நம்ம ‘தம்பி’தான். எஞ்சினை ஓடவிட்டு, பார்க்கில் போடச் சொல்லி, கியர் ஆயில் குச்சியை உருவினார். வெள்ளைக் காகிதத்தில் தடவி, என் அம்மா சாம்பாரை மோந்து பார்ப்பது மாதிரி மோந்து பார்த்தார். தெளிந்த சிவப்பு நிறம். அளவும் சரி.

“உள்ளே ப்ளேட் தீய்ந்திருந்தால் கறுப்பாகி, கருகல் நாற்றம் அடிக்கும். இது ஆரோக்கியம்” என்றவர், கையைக் காட்டி எங்களைச் சும்மா இருக்கச் சொன்னார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று எங்கேயோ சன்னமாக ஒரு சத்தம். அடியில் படுத்து, எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் மெல்லிய குழாயைத் தடவிக்கொண்டே போனார். கடைசியில், இரண்டங்குல ரப்பர் ட்யூப். வெயிலில் வெடித்துப் பிளந்திருந்தது!

சங்கதி இதுதான். எஞ்சின் சுகமாக ஓடும்போது உள்ளே காற்றை நன்றாக உறிஞ்சும். மூச்சு வாங்கும்போது அந்த உறிஞ்சல் குறையும். அந்தக் குழாய் வழியாக அதை உணர்ந்துதான் கியர்பாக்ஸ், ‘எவ்வளவு பாரம்’ என்று தெரிந்துகொள்கிறது. ஸ்டெதஸ்கோப் மாதிரி. குழாய் ஓட்டையானால் உறிஞ்சல் எட்டாது. ‘ஐயோ, மலை ஏறுகிறோம்!’ என்று பயந்து ஆயில் அழுத்தத்தைக் கூட்டி, தாமதமாக, ஓங்கி மாற்றும். சமதரையிலும்! (இந்தக் காலத்து வண்டிகளில் இதையெல்லாம் சென்சார் பார்த்துக்கொள்கிறது.)

ட்யூப் ஒரு டாலர். கூலி இருபது. “மேட்டில் கொஞ்சம் தள்ளித்தான் கியர் மாறும், அது நியாயம். ரெண்டாவதிலேயே போ” என்றார்.

ஊரைத் தாண்டும்வரை ‘டங்’கை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“எப்படா கியர் மாத்தினே?” என்றான் மாயவரம்.

ஏ.ஸி. அணைத்து, ஜன்னல் திறந்து, தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி ஏறினோம். ஹாலரன் உச்சியில் ஓரங்கட்டி இறங்கிப் பின்னால் பார்த்தேன். கிரைண்டர் வைத்த இடத்திலேயே இருந்தது.