வலப்பக்கத்தில் எழுதியது

பத்தாம் தரத்தில் ஆங்கில இலக்கியத்தைத் தெரிவுசெய்த எங்களிடம், நோட்ஸ் கொப்பியோடு இன்னொரு கொப்பியும் வாங்கி வரும்படி டீச்சர் சொன்னார். அதன் இடப்பக்கத்தில் பாடத்தில் மனதில் தைத்த ஒரு வரி. வலப்பக்கத்தில் அதை வாசித்தபோது எமக்குத் தோன்றியது. கேள்வியாக இருக்கலாம், கோபமாக இருக்கலாம், விளங்கவில்லை என்றும் எழுதலாம். ஆங்கிலச் சொல் வராவிட்டால் அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டு மேலே போகலாம். பிழை திருத்தமாட்டார், புள்ளியும் போடமாட்டார்.

புள்ளி இல்லையென்றால் எதற்கு எழுத வேண்டும் என்று வகுப்பில் பாதிப்பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குக் கருப்பொருள் இது, உத்தி இது என்று டியூஷன் நோட்ஸில் எல்லாம் இருக்கிறது. கவிதையை வாசிக்காமலே விடை எழுதிவிடலாம்.

இந்த முறை எங்கள் டீச்சர் கண்டுபிடித்ததல்ல என்று பிறகு தேடிப் பார்த்ததில் தெரிந்தது. வாசகரின் அனுபவமும் எழுத்தும் சந்திக்கும்போதுதான் இலக்கியம் உண்டாகிறது என்று லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1938 இலேயே நூல் எழுதியிருக்கிறார். நான்சி அட்வெல் என்ற ஆசிரியை, வாசித்த புத்தகங்களைப் பற்றி மாணவர்களோடு கடிதம் எழுதிப் பேசிய அனுபவத்தை 1987 இல் நூலாக்கினார். நமக்கும் இது அவ்வளவு புதிதல்ல. அரபுக் கிதாபுகளின் ஓரம் நிறைய ஹாஷியா எழுதி வைத்த ஆலிம்களும் எழுத்தோடு பேசியவர்கள்தானே.

முதல் மாதம் எல்லோருமே கதைச் சுருக்கம் எழுதினோம். சகியின் ‘த லம்பர் ரூம்’ கதையில் நிக்கலஸ் பாலும் பாணும் இருந்த கிண்ணத்துக்குள் தவளையைப் போட்ட இடத்தில்தான் கொப்பிகளுக்கு உயிர் வந்தது. வகுப்பில் பலர் அந்தக் கண்டிப்பான அத்தையின் பக்கம்! வீட்டில் தம்பி தங்கச்சிமாரைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

பிறகு யஸ்மின் குணரத்னவின் ‘பிக் மேட்ச், 1983’ வந்தது. ‘மேட்ச்’ என்பது கிரிக்கெட் போட்டி, தீக்குச்சி இரண்டையும் குறிக்கும் சிலேடை. கருப்பொருள் 1983 ஜூலைக் கலவரம். தொனி அங்கதம். நோட்ஸ் அதோடு முடிந்துவிட்டது. கவிதையின் நடுவில் ஒரு தொலைபேசி உரையாடல் வருகிறது. பழைய புத்தகங்கள் நிறைந்த வீட்டில் காடையரை எதிர்பார்த்து இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவர், அழைப்பெடுத்த நண்பரோடு பகிடியாகப் பேசுகிறார். பத்மினியையும் பெண் பிள்ளைகளையும் அயல்வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக இடையில் ஒரு வார்த்தை சொல்கிறார்.

நான் இடப்பக்கத்தில் எழுதியது அந்த வரியை. வலப்பக்கத்தில், யார் அந்த அயலவர், அவருக்கு ஏன் பெயரில்லை, கதவைத் திறந்தபோது பயமாக இருந்திருக்காதா என்று எழுதினேன். வீட்டில் அந்த ஆண்டைக் கண்டவர்கள் இருந்தால் கேட்டுப் பார்க்கும்படி டீச்சர் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில். அன்று கடைகளும் வீடுகளும் எரிந்த இடங்களைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போகிறோம். யாரும் எங்களுக்கு அதைச் சொன்னதில்லை. உம்மும்மா அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தவர். கேட்டதும், “அதெல்லாம் இப்ப என்னத்துக்கு மகள்?” என்றார். மஃரிப் தொழுதுவிட்டு அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டு அக்காவும் இரண்டு பிள்ளைகளும் பின்கதவால் வந்தார்களாம். நான்கு நாட்கள் உள்ளறையில் இருந்தார்கள். பிள்ளைகள் சத்தம் போடாமலிருக்க உம்மும்மா கைக்குழந்தையாயிருந்த என் மாமாவை அவர்களுடைய மடியில் கொடுத்துவிடுவாராம். அந்த அக்காவுக்குத் தன் சாரி ஒன்றைக் கொடுத்து, முந்தானையால் முக்காடு போடக் காட்டிக் கொடுத்திருக்கிறார். “பொட்ட அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரல்ல மகள். அவவே மொகத்தக் கழுவிட்டு வந்து நிண்டா.” பிறகு அவர்கள் அகதி முகாமுக்குப் போனார்கள். அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு. அதன்பின் தகவல் இல்லை.

உம்மும்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கவிதையைத் தமிழில் சொன்னேன். சிலேடை, அங்கதம் ஒன்றையும் எடுக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, “பத்மினியும் புள்ளையளும் தப்பினாங்களா?” என்றார். கவிதையில் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத் தமிழிலேயே வலப்பக்கத்தில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்துக்கு எத்தனை புள்ளி போடுவது?

எல்லாக் கொப்பிகளும் இப்படி நிறைந்தன என்று சொல்லமாட்டேன். இன்டர்நெட்டிலிருந்து பார்த்தெழுதியவர்களும் இருந்தார்கள். ஒரு தோழியின் கொப்பியை அவளுடைய வாப்பா கேட்காமல் எடுத்து வாசித்துவிட்டார். அதில் கெட்டது ஒன்றுமில்லை. ஆனாலும் அதன்பிறகு அவள் எழுதியதெல்லாம் நோட்ஸ்போல ஆகிவிட்டது. இதை வாசிக்கும் உம்மா வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள்: பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாருங்கள். அநேகமாகக் காட்டுவோம்.

பரீட்சைக்கு உதவியதா என்றால், அங்கே சிலேடையும் அங்கதமும்தான் எழுத வேண்டும். எழுதினேன். அந்த மனிதர் ஏன் பகிடியாகப் பேசினார் என்பது மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தராமலே விளங்கியிருந்தது.

இப்போது உயர் தரத்தில் தமிழ் படிக்கிறேன். யாரும் கேட்காமலே தமிழுக்கும் ஒரு கொப்பி போட்டிருக்கிறேன். கீழே பென்சிலால் எழுத ஆளில்லை. உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை நானே கீழே எழுதிக்கொள்கிறேன்.